அமானிதம் காப்போர் ஊதியம்

பிறர் பொருளைப் பெற்றுக் காத்துக் கேட்ட பொழுதில் குறைவின்றித் திருப்பித் தருவது உலகில் மிகப் பழைய பொறுப்புகளுள் ஒன்று. அமானிதம் என்று நம் வீடுகளில் வழங்கும் சொல் அந்தப் பொறுப்பின் கனத்தை நன்கு உணர்த்துகிறது. இன்றைய வங்கி அப்பொறுப்பைத் தொழிலாகவே ஏற்றுக்கொண்ட நிறுவனம். அதன் முதல் என்பது கட்டடத்திலோ இரும்புப் பெட்டியிலோ இல்லை. மக்கள் அதன்மீது வைத்த நம்பிக்கையே அதன் முதல். அந்த நம்பிக்கையை நாள்தோறும் கையில் ஏந்தி நிற்போர் காசாளரும் எழுத்தரும் மேலாளருமாகிய ஊழியர்கள். அவர்களுக்கு என்ன ஊதியம் தருவது? ஊதியத்துக்கு மேலே பரிசு தரலாமா? தருவதாயின் எதை அளந்து தருவது, எப்பொழுது தருவது? இவ்வினாக்கள் நிர்வாக இயலார் அண்மையில் கண்டெடுத்தவை அல்ல. தமிழ்நாட்டு மண்ணில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தவை. கல்லில் விடை வெட்டப்பட்டவை.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் வட்டாரத்தைச் சேர்ந்த ஊர் காவாந்தண்டலம். தொண்டை மண்டலத்தில் தண்டலம் என முடியும் ஊர்ப்பெயர்கள் பல உள. அப்பெயரின் மூலத்தை ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. ஆயினும் தண்டல் என்னும் சொல் நம் சிந்தனையைத் தூண்டுகிறது. வரி திரட்டுவதும் தண்டல். கொடுத்த கடனை நாள்தோறும் சிறுகச் சிறுகத் திரும்பப் பெறுவதும் தண்டல். பிறர் பணத்தைத் திரட்டுவோனுக்கும் அதற்குக் கணக்குச் சொல்லுவோனுக்கும் இடையேயுள்ள உறவே வங்கித் தொழிலின் அடிப்படை. அவ்வுறவை எவ்வாறு அமைத்தால் ஊர் வாழும் என்று காட்டும் சான்று காவாந்தண்டலத்துக்கு அண்மையிலேயே, உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் இருக்கிறது.

கல்லில் எழுதிய கணக்கு நெறி

முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919லும் 921லும், உத்திரமேரூர்ச் சபையார் செய்துகொண்ட ஏற்பாடுகளை அறியாதார் இலர். முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்துக் குடவோலை வழியே வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையைப் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கின்றனர். தேர்தல் முறையின் சிறப்பைப் பேசுவோர் பலர். அதே கல்வெட்டு பணக்கணக்கைப் பற்றிக் கூறுவதை எடுத்துச் சொல்வோர் சிலரே.

அந்த ஊர்ச்சபை வெறும் நிர்வாக மன்றமாக மட்டும் இருக்கவில்லை. கொடையாளர் பொன்னை அதனிடம் முதலாக வைத்தனர். அதன் வட்டியிலிருந்து கோயில் விளக்கும் ஏரி தூர்வாரும் பணியும் நடந்தன. பல்லவர் காலத்து வைரமேகத் தடாகத்தைப் பேணுவதற்கு இவ்வாறு வைத்த முதல்கள் கல்வெட்டுகளில் பேசப்படுகின்றன. ஏரிக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் எனப் பொறுப்புகள் பிரிந்திருந்தன. முதலைக் காப்பது, வட்டியை உரிய வழியில் செலவிடுவது, கணக்குக் காட்டுவது ஆகிய மூன்றையும் செய்த அச்சபையை அக்காலத்து வங்கி என்று கூறினால் மிகையாகாது.

அங்கே விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளைப் பார்ப்போம். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவன் மீண்டும் குடவோலைக்கு உரியவனல்லன். அவன் மட்டுமன்றி அவனுடைய நெருங்கிய உறவினரும் உரியவரல்லர். வாரியப் பொறுப்பு 360 நாட்களுக்கு மட்டுமே. ஒருமுறை பொறுப்பு வகித்தவன் அடுத்த மூன்று ஆண்டுகள் விலகியிருத்தல் வேண்டும். 921ஆம் ஆண்டு ஏற்பாட்டின் இறுதிப் பகுதி கணக்கு எழுதுவோரைப் பற்றியது. அறவழியில் பொருள் ஈட்டியவனே கணக்கு எழுத வேண்டும். தான் எழுதிய கணக்கைத் தானே ஒப்புவிக்க வேண்டும். பெருங்குறி மக்கள் முன் கணக்குக் காட்டித் தூயவன் எனத் தெளிந்த பின்னரே அவன் மறுபடியும் கணக்கில் அமர முடியும் என்பது அதன் கருத்து.

இனி ஊதியம். கணக்கருக்கு நாள்தோறும் நெல்லும், ஆண்டுதோறும் பொன்னும் ஆடையும் கொடுத்த முறையை உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. இதன் அமைப்பு கருதத்தக்கது. அன்றாட உணவுக்கு நெல் நாள்தோறும் வருகிறது. பஞ்சமோ மழையோ அது நிற்பதில்லை. பொன்னோ ஆண்டு முடிவில் வருகிறது. ஊர்ப் பொன்னைக் கையாளுவோன் வயிற்றுக்கு ஏங்கக்கூடாது. பெரும்பரிசோ கணக்கு முடியுமுன் கைக்கு எட்டக்கூடாது. நிலையான ஊதியம், காலம் தாழ்ந்த வெகுமதி, கணக்குத் தூய்மையே மறுநியமனத்துக்குத் தகுதி ஆகிய மூன்று நெறிகள் இங்கே ஒன்றுசேர்ந்து நிற்கின்றன. பிற்கால வங்கிகளின் வரலாறு முழுவதையும் இம்மூன்று நெறிகளைக் கொண்டு உரைத்துப் பார்க்கலாம்.

கடல் கடந்த பெட்டியடிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழரின் வங்கித் தொழில் கடல் கடந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கடைகள் வைத்தனர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்துவோர் அவர் அனுப்பிய ஏஜெண்டு. தந்தியும் கடிதமுமே தொடர்பு. கண்காணிக்க ஆளில்லாத தொலைவில், பிறர் பணத்தை வைத்துக் கடன் கொடுத்து வாங்கும் ஒருவனை நேர்மையாகவும் ஊக்கமாகவும் இருக்கச் செய்வது எவ்வாறு?

அதற்கு அவர்கள் கண்ட வழி நெடுங்காலப் பயிற்சியும் தவணை முறையும் ஆகும். சிறுவயதிலேயே பெட்டியடிப் பையனாகச் சேருவோன் அடுத்தாளாக உயர்வான். பின்னரே ஏஜெண்டு ஆவான். ஏஜெண்டின் பணிக்காலம் பெரும்பாலும் மூன்றாண்டுகள். சம்பளத்தில் ஒரு பகுதியைப் புறப்படுமுன்னரே குடும்பத்துக்காகப் பெறுவது வழக்கம். தவணை முடிந்ததும் அடுத்து வரும் ஏஜெண்டிடம் கடன்காரர் ஒவ்வொருவரின் நிலையையும் எடுத்துக்காட்டி, ஏட்டை ஒப்படைத்து ஊர் திரும்புவான். கடையின் இலாபத்தைப் பொறுத்த வெகுமதி கணக்கு முடிந்த பிறகே அவனுக்குக் கிட்டும்.

இங்கே இலாபத்தில் பங்கு உண்டு. ஆனால் அது கண்டுமுதல் கண்ட பிறகு கிடைக்கும் பங்கு. கதிர் பயிரில் நிற்கும்போதே நெல்லைப் பங்கிட்டுக்கொள்ளும் உழவன் இல்லை. களத்தில் அடித்துத் தூற்றி அளந்த பின்னரே பங்கு. கடனும் அப்படிப்பட்டதே. கொடுத்த நாளில் எல்லாக் கடனும் நல்ல கடனாகவே தோன்றும். வட்டியும் முதலும் திரும்பிய பின்னரே எது நெல், எது பதர் என்பது விளங்கும். இந்த இடைக்காலத்தை மறந்து வெகுமதி கொடுக்கும்போதுதான் வங்கிகள் இடறுகின்றன.

1937 பிப்ரவரி 10ஆம் நாள் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் கிளைகள் திறக்கப்பட்டன. குடும்பக் கடையின் பழக்கம் கூட்டுப்பங்கு வங்கியின் விதியாக மாறிய காலம் அது. முதலாளியும் ஏஜெண்டும் உறவுமுறையால் பிணைந்திருந்த இடத்தில், இனிச் சட்டமும் சம்பளப் பட்டியலும் வந்தாக வேண்டியிருந்தது.

அர்பத்நாட்டின் வீழ்ச்சியும் ஒரு சட்டமும்

சட்டம் ஏன் தேவை என்பதைச் சென்னை மக்கள் அதற்கு முன்பே கண்ணீரோடு கற்றிருந்தனர். 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி நொடித்தது. ஓய்வுபெற்ற அதிகாரிகள், விதவைகள், சிறு சேமிப்பாளர்கள் எனப் பலருடைய பணம் அதில் மூழ்கியது. இலண்டனில் இருந்த பங்காளி மக்ஃபாடியன் ஊக வாணிகத்தில் பணத்தை இழந்து இரயில் முன் விழுந்து உயிர்விட்டார். சென்னையில் தலைமை வகித்த சர் ஜார்ஜ் அர்பத்நாட் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இந்த அழிவிலிருந்து பிறந்ததே இந்தியன் வங்கி. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியால் 1907 ஆகஸ்டு 15ஆம் நாள் அது பணி தொடங்கியது.

அர்பத்நாட்டில் தவறியவர்கள் குறைந்த சம்பளம் பெற்ற குமாஸ்தாக்கள் அல்லர். இலாபம் முழுவதும் தமக்கே உரியதாக இருந்த பங்காளிகள். வென்றால் இலாபம் தமக்கு; தோற்றால் நட்டம் பணம் போட்டவர்க்கு. இந்த நிலையில் உள்ளவன் துணிந்து சூதாடுவதில் வியப்பில்லை.

நாடு விடுதலையடைந்த பின் 1949இல் வங்கி நிறுவனச் சட்டம் இயற்றப்பட்டபோது இந்த உண்மை அதன் பத்தாம் பிரிவில் இடம்பெற்றது. கமிஷனாகவோ நிறுவன இலாபத்தில் பங்காகவோ ஊதியம் பெறும் எவரையும் வங்கி பணியில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அப்பிரிவு விதித்தது. ரிசர்வ் வங்கியின் கருத்தில் அளவுக்கு மீறியதாகத் தோன்றும் ஊதியம் பெறுவோரையும் அது விலக்கியது. துணிக்கடைக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் இத்தகைய தடை இல்லை. வங்கிக்கு மட்டும் ஏன்? துணிக்கடைக்காரர் தம் சரக்கை விற்கிறார். வங்கியாளர் பிறர் பணத்தைக் கடனாக விற்கிறார். அதிகம் விற்றவனுக்கு அதிகம் என்றால், திரும்பி வராத கடனையும் அவன் விற்றுவிடுவான்.

இத்தடை ஊழியர்க்கு இன்னலாகவும் முடிந்தது. மற்றத் தொழிலாளர் போனஸ் பெற்றபோது, போனஸ் என்பது இலாபத்தில் பங்கே என்று கூறி வங்கி ஊழியர்க்கு அதை மறுக்க இப்பிரிவு கருவியாயிற்று. 1956ஆம் ஆண்டுத் திருத்தம், தீர்ப்பினாலோ ஒப்பந்தத்தினாலோ கிடைக்கும் போனஸுக்கு வழி திறந்தது. 1960இல் 34-அ பிரிவு சேர்க்கப்பட்டு, வங்கிகள் தம் இரகசியக் காப்பு நிதிகளைத் தொழில் தகராறுகளில் வெளியிடாமல் இருக்க இடம் பெற்றன. இலாபத்துக்கு ஏற்பக் கொடு என்று ஊழியர் கேட்டபோது, இலாபம் எவ்வளவு என்பதையே மறைத்து வைக்கச் சட்டம் துணை நின்றது. கணக்கைக் காட்டிய பிறகே வெகுமதி என்ற உத்திரமேரூர் நெறி இங்கே தலைகீழாயிற்று.

தீர்ப்பாயங்களின் காலம்

1946 ஏப்ரல் 20ஆம் நாள் கல்கத்தாவில் அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம் தோன்றியது. அன்றைய வங்கி எழுத்தர் நிலை இரங்கத்தக்கது. வங்கிக்கு வங்கி, ஊருக்கு ஊர் சம்பளம் வேறு. வேலை நேரத்துக்கு வரையறை இல்லை. முதலாளியின் மனநிலையே விதி. இந்நிலையை மாற்ற அமைக்கப்பட்ட சென் தீர்ப்பாயம் 1950இல் அளித்த தீர்ப்பை உச்சநீதிமன்றம் 1951இல் செல்லாததாக்கியது. பின்னர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற பஞ்சாபகேச சாஸ்திரியின் தலைமையில் புதிய தீர்ப்பாயம் அமைந்தது. 1953இல் வெளிவந்த சாஸ்திரி தீர்ப்பு வங்கிகளை அவற்றின் வலிமைக்கேற்ப நான்கு வகுப்புகளாகவும், ஊர்களை வகுப்புகளாகவும் பிரித்துச் சம்பளம் வகுத்தது. ஒழுங்கு விசாரணை முதல் பணி நேரம் வரை அது வகுத்த விதிகள் பல பிற்காலத்துக்கும் அடித்தளமாயின.

மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் முடிவை 1954இல் நடுவணரசு தன் விருப்பப்படி திருத்தியது. அதனை ஏற்க மனமில்லாத தொழிலாளர் நல அமைச்சர் வி.வி. கிரி பதவியைத் துறந்தார். வங்கிக் குமாஸ்தாவின் சம்பளத்துக்காக நடுவண் அமைச்சர் ஒருவர் பதவி விலகியது இந்திய வரலாற்றில் அருமையான நிகழ்ச்சி. கஜேந்திரகட்கர் குழு ஆராய்ந்து 1955இல் தந்த பரிந்துரைகளால் ஊழியர்க்குப் பெரும்பகுதி நீதி கிட்டியது. 1962இல் தேசாய் தீர்ப்பு வந்தது. விலைவாசிக் குறியீட்டோடு பஞ்சப்படி பிணைக்கப்பட்டது. 1966 அக்டோபர் 19ஆம் நாள் நீதிமன்றப் படிகளை விட்டிறங்கி, வங்கிகளும் சங்கங்களும் எதிரெதிரே அமர்ந்து முதல் இருதரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்ற நிலை வங்கிகளிடையே மெல்ல வேரூன்றியது.

மூன்றாண்டுகள் கழித்து 1969 ஜூலை 19ஆம் நாள் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாயின. அந்த அவசரச் சட்டத்தில் கையொப்பமிட்ட தற்காலிகக் குடியரசுத் தலைவர் அதே வி.வி. கிரி அவர்களே. அப்பொழுது நாட்டில் இருந்த வங்கிக் கிளைகள் சற்றேறக்குறைய 8,200. அவற்றுள் சிற்றூர்களில் இருந்தவை நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. 1990 அளவில் கிளைகள் ஏறத்தாழ 60,000 ஆயின; அவற்றுள் பாதிக்கு மேல் சிற்றூர்க் கிளைகள். மண்பாதையும் மாட்டு வண்டியுமாக இருந்த ஊர்களில் கிளை திறந்து, கைநாட்டு வைப்போருக்கும் கணக்கேடு கொடுத்து உட்கார்ந்தவர்கள் இந்த ஒப்பந்தச் சம்பள ஊழியர்களே. அவர்கள் பெற்றது நிலையான சம்பளம். கணக்குத் தொடங்கியதற்கு இவ்வளவு, கடன் கொடுத்ததற்கு இவ்வளவு என்ற தனிப்பரிசு அல்ல. ஆயினும் வேலை நடந்தது. நம் குடும்பங்களில் பிள்ளை வங்கித் தேர்வில் தேறிவிட்டான் என்றால் வீடே மகிழ்ந்த காலம் அது. அந்த மதிப்பும் ஊதியத்தின் ஒரு பகுதியே அன்றோ?

நிலையான சம்பளத்துக்குக் குறையும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. உழைப்பவனுக்கும் உழைக்காதவனுக்கும் ஒரே ஊதியம் என்றால் உழைப்பவன் மனம் சோரும். வாடிக்கையாளர் வரிசையில் நிற்க, மேசையின் மறுபுறம் அலட்சியம் காட்டியோரும் இருந்தனர். அவ்வாறெனில் வங்கியின் நலிவுக்குச் சம்பள முறைதான் காரணமா? இதற்கு விடை காண ஒரு வரலாற்றுச் சோதனை நம் கண்முன்னே நடந்தது.

ஒரே சம்பளம், இருவேறு முடிவுகள்

அர்பத்நாட்டின் சாம்பலிலிருந்து பிறந்த அதே இந்தியன் வங்கி 1995-96ஆம் ஆண்டில் 1,336 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. அதுவரை இந்திய வங்கி எதுவும் காணாத நட்டம் அது. பெருந்தொகைக் கடன்கள் திரும்பவில்லை. 1999இல் நலிந்த வங்கிகளை ஆராய்ந்த வர்மா குழு இந்தியன் வங்கியையும் வேறு இரண்டு வங்கிகளையும் சுட்டியது. விருப்ப ஓய்வின் மூலம் ஆட்களைக் குறைக்கவும், ஊதிய உயர்வை நிறுத்திவைக்கவும் யோசனை கூறியது. சங்கங்கள் எதிர்த்தன. கடன் கொடுத்தது யார், வாங்கி ஏமாற்றியது யார், தண்டனை யாருக்கு என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி.

அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. இந்தியன் வங்கியின் எழுத்தர் பெற்ற சம்பளமும், இலாபம் ஈட்டிய மற்ற அரசு வங்கிகளின் எழுத்தர் பெற்ற சம்பளமும் ஒரே ஒப்பந்தத்தின்படி அமைந்தவை. சம்பளம் ஒன்றாக இருக்க, விளைவு வேறாக இருந்ததென்றால் வேறுபாட்டின் காரணத்தைச் சம்பளப் பட்டியலில் தேடுவது வீண். அது கடன் வழங்கும் அதிகாரத்திலும், கணக்கைச் சோதிக்கும் ஒழுங்கிலும் இருந்தது.

2000ஆம் ஆண்டு இரஞ்சனா குமார் தலைமைப் பொறுப்பேற்றார். அரசு மூலதன உதவி தந்தது. கிளைகள் சில இணைக்கப்பட்டன. அலுவலகங்களில் தேங்கியிருந்தோர் கிளைகளுக்கு அனுப்பப்பட்டனர். பழைய கடன்களைத் திரட்டும் முயற்சி தீவிரமாயிற்று. அக்காலத்தில் அரசு வங்கிகள் பலவற்றிலுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் விருப்ப ஓய்வில் சென்றனர். 2001-02இல் இந்தியன் வங்கி மீண்டும் இலாபம் கண்டது. 2020 ஏப்ரல் முதல் நாள் அலகாபாத் வங்கியைத் தன்னுள் இணைத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. மீட்சிக் காலத்திலும் அடிப்படைச் சம்பள முறை மாறவில்லை. மாறியவை பொறுப்பும் கண்காணிப்பும். ஊதியம் வங்கியின் நலத்துக்கு அடித்தளம். அடித்தளம் மட்டுமே வீடாகிவிடாது என்பதே இச்சோதனை தரும் பாடம்.

அளவுகோல் கெடுத்த அறம்

தனிப்பரிசையும் இலக்கையும் நம்பிய வங்கி ஒன்றின் கதையையும் நாம் அறிந்திருத்தல் நலம். அமெரிக்காவின் பெரிய வங்கிகளுள் ஒன்றாகிய வெல்ஸ் ஃபார்கோ, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டு வகைக் கணக்குகளை விற்க வேண்டும் என்று தன் ஊழியர்க்கு இலக்கு வைத்தது. எட்டியவர்க்கு ஊக்கத்தொகை; எட்டாதவர்க்கு அச்சுறுத்தல். விளைவு என்ன? வாடிக்கையாளர்க்குத் தெரியாமலே அவர்கள் பெயரில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் அந்த வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சுமார் 5,300 ஊழியர்கள் வேலை இழந்திருந்தனர். போலிக் கணக்குகள் 35 இலட்சம் வரை இருக்கக்கூடும் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. 2020இல் மேலும் 300 கோடி டாலர் செலுத்தி அவ்வங்கி அரசோடு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. பட்டியலில் வெற்றி, களத்தில் பதர்.

பரிசின் ஆசை இல்லாமல், இலக்கின் நெருக்கடி மட்டுமே இருந்தாலும் இதே தீங்கு நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன் தன் திட்டத்தில் ஏழைகளுக்குக் கோடிக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. இருப்பில்லாக் கணக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும் நெருக்கடியில், ஊழியரே தம் கையிலிருந்து ஒரு ரூபாய் வீதம் பல கணக்குகளில் போட்டதை 2016இல் நாளேடு ஒன்று வெளிக்கொணர்ந்தது. அந்த ஒரு ரூபாய் ஏழையை ஏமாற்றவில்லை. ஆனால் ஏழைக்கு வங்கி பயன்பட்டதா என்பதை அறிய வேண்டிய அளவுகோலையே பொய்யாக்கிவிட்டது. எதை அளக்கிறோமோ அதையே மனிதர் தருவர். எண்ணிக்கையை அளந்தால் எண்ணிக்கை வரும், நம்பிக்கை வராது.

2008ஆம் ஆண்டு உலக நிதி நெருக்கடிக்குப் பின் பல நாடுகள் இந்த உண்மையை ஒப்புக்கொண்டன. நம் ரிசர்வ் வங்கி 2012இலும், பின்னர் 2019 நவம்பரிலும் தனியார் வங்கித் தலைவர்களின் ஊதியத்துக்கு நெறிகள் வகுத்தது. செயற்பாட்டைப் பொறுத்து மாறும் ஊதியத்தின் பெரும்பகுதி உடனே தரப்படாமல் குறைந்தது மூன்றாண்டுகளுக்குத் தள்ளிவைக்கப்பட வேண்டும். இடையில் கடன் கெட்டதெனக் கண்டால் தர வேண்டியதை நிறுத்தவும், தந்ததைத் திரும்பப் பெறவும் வங்கிக்கு உரிமை வேண்டும் என்பது அதன் சாரம். மூன்றாண்டுகள்! நகரத்தார் ஏஜெண்டின் தவணையும் மூன்றாண்டு. உத்திரமேரூர் வாரியத்தார் விலகியிருந்த காலமும் மூன்றாண்டு. நோக்கங்கள் வேறு எனினும், கணக்கின் உண்மை வெளிப்படக் காலம் வேண்டும் என்ற அறிவு எல்லாவற்றிலும் இருக்கிறது.

இன்றைய வழக்கு

2020 நவம்பர் 11ஆம் நாள் கையெழுத்தான பதினோராம் இருதரப்பு ஒப்பந்தம், அரசு வங்கி ஊழியர்க்குச் செயற்பாட்டு ஊக்கத்தொகையை அறிமுகப்படுத்தியது. வங்கியின் செயல் இலாபம் முந்தைய ஆண்டைவிட 5 விழுக்காட்டுக்குக் குறைவாக வளர்ந்தால் ஒன்றுமில்லை. 5 முதல் 10 வரை வளர்ந்தால் ஐந்து நாள் சம்பளம். 15 வரை பத்து நாள். அதற்கு மேல் பதினைந்து நாள். இது மேலாளர் முதல் கடைநிலை ஊழியர் வரை எல்லார்க்கும் பொது. தனியாளின் விற்பனையைப் பொறுத்ததன்று. கூட்டாக உழைத்து, கூட்டாகப் பெறுவது, அளவும் சிறிது. ஆகவே தீங்கும் சிறிது என்று கூறலாம். ஆனால் செயல் இலாபம் என்பது வாராக் கடனுக்கு ஒதுக்கீடு செய்யுமுன் கணக்கிடப்படுவது என்பதை மறத்தலாகாது. பதரைத் தூற்றுமுன் அளந்த நெல் அது.

2024 நவம்பரில் நடுவணரசு, நான்காம் நிலையிலும் அதற்கு மேலும் உள்ள அதிகாரிகளுக்குத் தனியான ஊக்கத்தொகைத் திட்டத்தை வகுத்தது. ஒப்பந்தத்துக்கு வெளியே, மேல்நிலையாருக்கு மட்டும் பெருந்தொகை அளிப்பது ஊழியரைப் பிளக்கும் என்று சங்கங்கள் எதிர்த்தன. 2025 மார்ச்சு 24, 25 நாட்களில் நடத்தவிருந்து பின்னர் ஒத்திவைக்கப்பட்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் இதுவும் ஒன்று. கடன் கொடுக்கும் அதிகாரம் மேல்நிலையில் உள்ளது. ஆகவே பரிசும் அங்கே இருக்கட்டும் என்பது ஒரு வாதம். அதிகாரம் அங்கே இருப்பதனாலேயே, உடனடிப் பரிசு அங்கே ஆபத்தானது என்பது வரலாறு தரும் மறுமொழி. கொடுக்கத்தான் வேண்டுமெனில் அதனைத் தள்ளிவைத்து, கடன் திரும்பிய பின் கொடுப்பதே முறை.

இச்சிக்கல் தில்லியிலும் மும்பையிலும் தீரட்டும் என்று நாம் விலகியிருக்க இயலாது. நெல் விற்ற பணத்தைச் சிற்றூர் உழவர் கிளையில் போடுகின்றனர். வளைகுடா நாடுகளில் வெயிலில் நின்று ஈட்டிய பணத்தை நம் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்புகின்றனர். மகளின் மணத்துக்கென்று தாய் சேர்த்த தொகையும் அங்கேதான் உறங்குகிறது. அப்பணத்தோடு கிளைக்குச் செல்லும் முதியவரிடம், அவர் கேளாத காப்பீட்டுப் பத்திரம் நீட்டப்பட்டால், அதன் பின்னால் ஓர் இலக்கும் ஓர் ஊக்கத்தொகையும் நிற்கக்கூடும். இன்று பல ஊர்களில் கிளைக்குப் பதிலாகச் சேவை செய்யும் வங்கி முகவர் பெரும்பாலும் கமிஷனையே நம்பி வாழ்கிறார். 1949ஆம் ஆண்டுச் சட்டம் தன் ஊழியர்க்கு அஞ்சி விலக்கிய முறை, ஊழியரல்லாதார் வழியே ஊருக்குள் வந்து நிற்கிறது. நாள்தோறும் நெல் பெற்ற உத்திரமேரூர்க் கணக்கனின் பாதுகாப்புக்கூட அவருக்கு இல்லை.

எனவே ஊழியர் ஊதியத்தைப் பற்றிய பேச்சு எழும்போது நாம் கேட்க வேண்டியவை மூன்று. அமானிதம் காப்போனுக்கு வயிறு நிறையுமாறு நிலையான ஊதியம் உண்டா? அவனுக்குரிய வெகுமதி, கணக்கு முடிந்து தூய்மை தெளிந்த பின் வருகிறதா? அதிகாரம் மிக்கவனுக்கும் அதே விதிதானா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை கூறும் வங்கியில் மக்கள் பணமும் நிற்கும், ஊழியர் மானமும் நிற்கும். விடை கூறத் தயங்கும் வங்கி, இலாபக் கணக்கை எவ்வளவு பெரிதாக அச்சிட்டாலும், கண்டுமுதல் காணாத களத்தையே காட்டி நிற்கிறது.